கணக்கில் வராத காற்று: சிரிஞ்ச், கண்ணாடிக் குழாய், நல்லெண்ணெய்

போன வருஷம் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏர்கான் குழாய் வேலையை முடித்து, லீக் இருக்கிறதா என்று பார்க்கப் பிற்பகல் 3 மணிக்கு நைட்ரஜன் ஏற்றினோம். அழுத்தம் காட்டும் கேஜில் 3,000 கிலோபாஸ்கல். வால்வை மூடி, மாஸ்கிங் டேப்பில் எண்ணையும் நேரத்தையும் எழுதிக் குழாயில் ஒட்டிவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் காலை 7 மணிக்குப் போய்ப் பார்த்தால் 2,820. லீக் என்று முடிவாகிவிட்டது. சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பற்றவைப்பாக, ஒவ்வொரு நட்டாகத் தடவிக்கொண்டே போனோம். ஒரு குமிழிகூட வரவில்லை. வெயில் ஏறிச் சட்டை நனைந்து, 2 மணி வாக்கில் கேஜைத் திரும்பிப் பார்த்தேன். 2,990. இடையில் யாரும் சிலிண்டரைத் தொடவே இல்லை.

லீக் ஆன குழாயில் அழுத்தம் தானாகத் திரும்பி ஏறாது. இரவில் குளிர்ந்து கிடந்த குழாய் வெயிலில் சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான். டேப்பில் மூன்றாவதாக ஓர் எண்ணை, குழாயின் வெப்பநிலையை, நாங்கள் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அரை நாள் வேலை அதில் போனது. எனக்கு அது நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் உயர்நிலை மூன்றில் படிக்கும் அக்கா மகன், "மாமா, அழுத்தினா காற்றோட அளவு குறையும், சூடாக்கினா கூடும்னு படிக்கிறோம். எவ்வளவுன்னு நாமளே அளந்து பாக்கலாமா?" என்று கேட்டதும் உடனே சரி என்றேன். ஈசூனில் அக்கா வீடு 12ஆவது மாடி. மூன்று சனிக்கிழமை அந்தச் சமையலறை மேசையில் போயின. என்ன செய்தோம், எங்கே தப்பியது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் அழுத்தம். மருந்துக்கடையில் வாங்கிய 60 மில்லிலிட்டர் சிரிஞ்ச், வேலையில் நான் பயன்படுத்தும் டிஜிட்டல் கேஜ், இரண்டுக்கும் நடுவில் ஒரு சர்வீஸ் ஹோஸ். பிஸ்டனை 60இல் வைத்துவிட்டு ஹோஸை மாட்டினோம். கேஜ் 0 காட்டியது. அளவையும் அழுத்தத்தையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும் என்பது பாடம். தம்பி (அக்கா மகனை அப்படித்தான் கூப்பிடுவேன்) நோட்டில் 60 பெருக்கல் 0 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தான்.

இது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தரும் விஷயம். கேஜின் பூஜ்யம் வெறுமை அல்ல. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தைத்தான் அது பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. வாக்குவம் பம்ப் போட்டு உறிஞ்சினால் அதே கேஜ் கழித்தல் 100க்குப் பக்கத்தில் இறங்குவதை வாரம் இரண்டு தடவையாவது பார்க்கிறேன். ஆகவே கேஜ் காட்டுவதோடு அன்றைய காற்றழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு என் கைப்பேசியில் இருக்கும் உணரியே போதும். மாடியில் 1,006 ஹெக்டோபாஸ்கல், அதாவது 100.6 கிலோபாஸ்கல். லிஃப்டில் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம், 1,010 ஆனது. முப்பது மீட்டர் சொச்சம் உயரத்துக்கு நாலு ஹெக்டோபாஸ்கல். இன்னொன்றும் கவனித்தோம். சிங்கப்பூரில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணியை ஒட்டி உச்சம். மாலை 4 மணி வாக்கில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் குறைவு. நம் சோதனைக்கு அது பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்தோம்.

இந்த அழுத்த விதிக்குப் பெயர் தந்த ராபர்ட் பாயிலும் இதைத்தான் செய்தார். 1662இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் பாதரசத்தின் உயரத்தோடு ஒவ்வொரு வரியிலும் 29⅛ அங்குலம் கூட்டப்பட்டிருக்கிறது. அது அன்றைக்கு அவர் தலைக்கு மேல் இருந்த காற்றின் கணக்கு. ஒரு பக்கம் மூடி வளைத்த நீளக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றிச் செய்த சோதனை அது. குழாய் அறைக்குள் அடங்காத உயரம் என்பதால் படிக்கட்டில் வைத்துச் செய்தார்கள்.

அழுத்த ஆரம்பித்தோம். 60இலிருந்து 30க்கு அழுத்தினால் அளவு பாதி, அழுத்தம் இரட்டிப்பாக வேண்டும். கேஜில் 100க்குச் சற்று மேல் வர வேண்டும். தம்பி வேகமாக அழுத்தினான். எண் 70ஐத் தொட்டு, பத்து விநாடிக்குள் 60க்கு இறங்கி அங்கேயே நின்றது.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஏன் இறங்கியது? லீக்காக இருக்குமோ என்று பிஸ்டனை மெல்ல 60க்கு இழுத்து விட்டோம். கேஜ் திரும்பவும் 0. காற்று கசிந்திருந்தால் 0க்குக் கீழே போயிருக்கும். ஆக லீக் இல்லை. வேகமாக அழுத்தும்போது காற்று சூடாகிறது; அந்தச் சூடு பிளாஸ்டிக் சுவர் வழியாக வெளியே போகப் போக அழுத்தம் இறங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதும் இதனால்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மெதுவாக அழுத்தி, எண் நின்ற பிறகு இன்னும் அரை நிமிடம் பொறுத்து எழுதினோம்.

இரண்டாவது சந்தேகம்தான் பெரியது. 100 வர வேண்டிய இடத்தில் ஏன் 60? தம்பி விடாமல் அழுத்திக்கொண்டே போனான். கேஜ் 100ஐத் தாண்டியபோது பிஸ்டன் 20இல் நின்றது. அந்த இடத்தில் பிஸ்டனைப் பிடித்து வைக்க ஆறேழு கிலோ எடையை ஏந்துவது போன்ற பலம் வேண்டும். அவன் இரண்டு கையாலும் மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"இரட்டிப்பாக 30இலேயே ஆகணும். 20 வரைக்கும் போக வேண்டியிருக்கு. அப்ப சிரிஞ்சுக்கு வெளியேயும் காற்று இருக்கு" என்றேன். அவனே கணக்குப் போட்டான். வெளியே இருக்கும் காற்று எக்ஸ் என்றால், 60 கூட்டல் எக்ஸ் என்பது 20 கூட்டல் எக்ஸ்-இன் இரண்டு மடங்கு. எக்ஸ் 20. இருபது மில்லிலிட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது? இருவரும் ஒரே நேரத்தில் ஹோஸைப் பார்த்தோம். 90 செண்டிமீட்டர் நீளம், உள்விட்டம் 5 மில்லிமீட்டர். சர்வீஸுக்கு உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்த அதே அளவுப் பழைய ஹோஸ் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, சிரிஞ்சில் வடித்து அளந்தோம். 18 மில்லிலிட்டர். மிச்சம் கேஜின் வயிற்றுக்குள். (வேலைக்கு எடுத்துப் போகும் ஹோஸில் தண்ணீரை விடவே கூடாது. ஏர்கான் குழாய்க்குள் ஈரம் போனால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரைத் தின்றுவிடும்.)

ஹோஸைக் கழற்றி எறிந்துவிட்டு, மீன் தொட்டிக்குக் காற்று போகும் மெல்லிய டியூபில் விரல் நீளத்துக்கு வெட்டி மாட்டினோம். திரும்பவும் அளந்தால் வெளியே இருக்கும் காற்று 2 மில்லிலிட்டர்தான். அதைச் சேர்த்துக்கொண்டு பார்த்தோம். சிரிஞ்ச் 60இல் கேஜ் 0, 50இல் 19.3, 40இல் 47.9, 30இல் 94.3. ஒவ்வொன்றோடும் 100.6ஐக் கூட்டி, அளவோடு 2ஐக் கூட்டிப் பெருக்கினால் நாலும் 6,230க்கும் 6,240க்கும் நடுவில் வந்து விழுந்தன. அக்கா அடுப்படியில் இருந்து, "என்னடா, லாட்டரி விழுந்த மாதிரி சத்தம்?" என்றாள். தம்பி நோட்டைத் தூக்கிக் காட்டினான்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிரிஞ்ச் வாயில் மாட்டிய டியூப் அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டிலை மூடி அடுப்பில் வைக்கும் வேலை எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை வெப்பநிலை. இதற்குச் சிரிஞ்ச் ஒத்துவராது. ரப்பர் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்ளும். சின்ன மாற்றத்துக்கு அசையாது. ஒரு பக்கம் மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாய்தான் சரி. நடுவில் ஒரு துளித் திரவம் மூடிபோல் நிற்கும். உள்ளே இருக்கும் காற்று விரிந்தால் அந்தத் துளி மேலே நகரும். குழாய் ஒரே விட்டம் என்பதால் காற்றுத் தண்டின் நீளமே அதன் அளவு.

இணையத்தில் வாங்கிய 30 செண்டிமீட்டர் குழாய், உள்விட்டம் 1 மில்லிமீட்டர். உள்ளே தூசி தெரிந்ததால் வாயால் ஊதினேன். ஒரு நுனியை எபாக்சி பசையால் அடைத்து ஒரு நாள் காயவிட்டோம். துளியை உள்ளே வைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. குழாயை வெந்நீரில் வைத்து 65 டிகிரிக்குச் சூடாக்கி, வாயை மட்டும் எண்ணெயில் தொடவிட வேண்டும். ஆற ஆற உள்ளே காற்று சுருங்கி எண்ணெயை இழுக்கும். ஒரு செண்டிமீட்டர் ஏறியதும் எடுத்துவிட்டால், அந்த எண்ணெய்த் தண்டு தானாகக் கீழே இறங்கிப் போய் நிற்கும். அது இறங்குவதைப் பார்க்க அவ்வளவு அழகு. மணிக்கூட்டின் நிமிட முள்ளைப் போல, நகர்வது தெரியாது, நகர்ந்திருப்பது தெரியும்.

முதலில் கைக்குக் கிடைத்தது தேங்காயெண்ணெய். குழாயை இரும்பு ஸ்கேலோடு சேர்த்துக் கட்டி, உயரமான தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்தி, காப்பிக்கடையில் வாங்கி வந்த ஐஸைக் கொட்டினோம். எண்ணெய் கொஞ்சம் இறங்கி, வெள்ளையாகி, அப்படியே ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இங்கே வீட்டில் எப்போதும் 29, 30 என்பதால் அது உறைந்து நாங்கள் பார்த்ததே இல்லை. குழாயைக் கழுவி உதறிவிட்டு நல்லெண்ணெய்க்கு மாறினோம். அது ஐஸிலும் இளகியே இருந்தது.

ஐஸ் தண்ணீர், குழாய்த் தண்ணீர், வெந்நீர் என்று மாற்றி மாற்றி ஊற்றி, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் கலக்கி (மேலே சூடாகவும் அடியில் குளிராகவும் நின்றுவிடும்) ஸ்கேலைப் படித்தோம். 0 டிகிரியில் 175 மில்லிமீட்டர். 29இல் 200. 50இல் 235. 60இல் 265. தம்பி வரைதாளில் புள்ளி வைத்தான். கோடு நேராக இல்லை. மேல்நோக்கி வளைந்தது. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்து இடப்பக்கம் நீட்டினால், காற்றின் நீளம் பூஜ்யமாகும் இடம் கழித்தல் 117 டிகிரி. கழித்தல் 273 பக்கம் வர வேண்டியது.

"ஸ்கேலைத் தப்பா படிச்சிட்டோமா மாமா?" என்றான். ஸ்கேலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தப்பலாம், ஐம்பது தப்பாது. 60 டிகிரியில் 213 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய காற்று 265க்கு ஏறியிருக்கிறது. உள்ளே காற்று கூடியிருக்கிறது. மூடிய குழாய்க்குள் எப்படிக் கூடும்?

அன்று இரவு குழாயைக் கைப்பேசி விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பசை அடைத்த நுனிக்குப் பக்கத்தில் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி லேசான மங்கல். தண்ணீர். வாயால் ஊதிய மூச்சும், கழுவி உதறியதில் மிஞ்சிய ஈரமும். சூடாக ஆக அது ஆவியாகிக் காற்றோடு சேர்ந்து எண்ணெயைத் தள்ளுகிறது. நீராவியின் அழுத்தம் 0 டிகிரியில் 0.6 கிலோபாஸ்கல், 29இல் 4, 50இல் 12, 60இல் 20. அறைக் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஆவியே எடுத்துக்கொள்கிறது. அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் எங்கள் நாலு எண்ணும் அச்சாகப் பொருந்தின. இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்றும் பார்த்தேன். குழாயின் கொள்ளளவு 0.2 மில்லிலிட்டர்தான். 60 டிகிரியில் அதை ஆவியால் நிறைக்க 0.03 மில்லிகிராம் தண்ணீர் போதும். ஒரு சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

வேலைக்குப் போனால் ஈரத்துக்கு எதிராகத்தான் நாள் முழுக்க நிற்கிறேன். குழாயை இணைத்ததும் வாக்குவம் போடுவதே உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து இழுப்பதற்குத்தான். இதே ஈரம் இருநூறு வருஷத்துக்கு முன்பும் ஆட்களைக் குழப்பியிருக்கிறது. 1802இல் பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் வாயுக்களின் விரிவை அளந்து வெளியிட்டபோது, தனக்கு முன்னால் அளந்தவர்களின் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்குக் காரணம் அவர்கள் கருவிக்குள் இருந்த தண்ணீர்தான் என்று எழுதினார். 1787 வாக்கிலேயே ஷார்ல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் வாயுக்களின் இந்த விரிவைக் கவனித்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை என்பதையும் அவரே சொன்னார். இன்று சார்லஸ் விதி என்று படிக்கிறோமே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான். உலர்த்திய வாயுவை வைத்து கே-லுசாக் கண்டது: 0இல் 100 பங்கு இருந்தால் 100 டிகிரியில் 137.5. அதை நீட்டினால் கழித்தல் 267 வரும். பள்ளி ஆய்வுக்கூடங்களில் இதே குழாய்க்குள் எண்ணெய்க்குப் பதிலாக அடர் கந்தக அமிலத் துளியை வைப்பார்களே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அமிலம் மூடியாகவும் நிற்கும், ஈரத்தையும் குடித்துவிடும். வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

மூன்றாவது சனிக்கிழமை புதுக் குழாய். வாயால் ஊதவில்லை, கழுவவும் இல்லை. பிஸ்கட் டப்பா, பை, செருப்புப் பெட்டி என்று அக்கா சேர்த்து வைத்திருந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து உலர்த்தி, அந்த மணிகளைச் சிரிஞ்சுக்குள் போட்டோம். சிரிஞ்ச் இழுத்த காற்றைப் பத்து நிமிடம் மணிகளோடு கிடக்கவிட்டு, மெல்லக் குழாய் வழியாகத் தள்ளினோம். பத்துத் தடவை. அப்புறம் மறுநுனியைப் பசையால் அடைத்து, பசை காயும்வரை சிரிஞ்சைக் கழற்றவே இல்லை. இங்கே காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். குழாய்க்குள் ஒரு துளித் தண்ணீர் இல்லாவிட்டாலும், அறைக் காற்றை அப்படியே அடைத்து ஐஸில் வைத்தால் அதிலிருக்கும் நீராவி படிந்து, இரண்டரை விழுக்காடு அளவு தானாகக் குறைந்துவிடும்.

மறுநாள் ஞாயிறு காலை நல்லெண்ணெயை ஏற்றி அளந்தோம். 0இல் 234 மில்லிமீட்டர். 29இல் 259. 50இல் 276. 60இல் 285. தம்பி ஸ்கேலைத் தாளில் வைத்தான். நாலு புள்ளியும் அதன் ஓரத்திலேயே உட்கார்ந்தன. தாள் போதாமல் இன்னும் இரண்டு தாளை ஒட்டி, கோட்டை இடப்பக்கம் நீட்டிக்கொண்டே போனான். மேசை விளிம்பு வரை போய், கழித்தல் 275இல் அடிக்கோட்டைத் தொட்டது. உண்மையான எண் கழித்தல் 273.15. அதற்குக் கீழே குளிர் என்பதே கிடையாது. ஐஸும் வெந்நீரும் நல்லெண்ணெயும் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டோம் என்பதை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவன் அந்தத் தாளை மடிக்காமல் சுருட்டி வைத்திருக்கிறான்.

இப்போது ஜூரோங் கணக்கு. செப்புக் குழாயின் கொள்ளளவு மாறாது. அதனால் வெப்பநிலை குறைந்தால் அழுத்தம் குறையும். மாடியில் வெயில் பட்ட குழாய் பிற்பகலில் 45 டிகிரி, விடிகாலையில் 26 என்று வைத்துக்கொள்வோம். கழித்தல் 273இலிருந்து எண்ண வேண்டும் என்பதால் 273ஐக் கூட்டினால் 318, 299. கேஜின் 3,000த்தோடு வெளிக்காற்றின் 100ஐக் கூட்டி, 299ஆல் பெருக்கி 318ஆல் வகுத்தால் 2,915. வெளிக்காற்றைத் திரும்பக் கழித்தால் 2,815. அன்று காலை நாங்கள் பார்த்தது 2,820.

போன வாரம் இன்னொரு இடத்தில் நைட்ரஜன் ஏற்றியபோது டேப்பில் மூன்று எண் எழுதினேன்: 3,000, மாலை 6 மணி, குழாய் 33 டிகிரி. காலையில் குழாய் 26. கணக்குப்படி 2,929 இருக்க வேண்டும். கேஜில் 2,930. சோப்புத் தண்ணீரை எடுக்காமலே வாக்குவம் போட ஆரம்பித்தோம்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் இன்னொரு கேள்வி போட்டான். "அப்ப நீங்க கொண்டு போற கேஸ் சிலிண்டர்ல பாதி காலியானா கேஜும் பாதி காட்டுமா?"

காட்டாது. ஏர்கானில் ஏற்றும் குளிரூட்டும் வாயுவான ஆர்32 சிலிண்டரில் திரவம் ஒரு கரண்டி மிச்சமிருந்தாலும் 30 டிகிரியில் கேஜ் 1,800 கிலோபாஸ்கலைச் சுற்றித்தான் நிற்கும். நிரம்பி இருந்தாலும் அதே எண்தான். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம முதல் குழாய் மாதிரி. உள்ள தண்ணி இருந்துச்சே" என்றான். அதேதான். திரவம் இருக்கும்வரை ஆவி குறையக் குறைய அது நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நாங்கள் கேஜைப் பார்ப்பதில்லை, தராசில் வைக்கிறோம். அடுத்த பள்ளி விடுமுறையில் அவனை ஒரு நாள் கூட்டிப் போய், அந்தத் தராசைக் காட்ட வேண்டும்.